அப்பா பட்டறைக்கு ஒரு தூசி மிஷின்

இன்டர்ன்ஷிப்ல முதல் ஸ்டைபண்ட் வந்ததும் நீங்க என்ன வாங்கினீங்க? எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல சும்மா ஒரு சர்வே எடுத்தேன். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வாட்ச், தங்கச்சிக்கு ஹெட்போன், ஒருத்தன் மட்டும் நேர்மையா 'எனக்கே ஷூ வாங்கிட்டேன்'னு சொன்னான். 'நீ என்னடா வாங்கின?'ன்னு என்னைத் திருப்பிக் கேட்டாங்க. 'தூசி உறிஞ்சற மிஷின்'னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் மொத்த ரூமும் சிரிச்சுது.

நீங்களும் சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா அந்த மிஷினைத் தேர்ந்தெடுக்க எனக்கு 7 மாசம் ஆச்சு. நடுவுல தப்பான மிஷின் ஒண்ணு வாங்கினேன், அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், பாஸ் மார்க்குக்காகப் படிச்சு மறந்துபோன ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்கைத் தூசி தட்டித் திறந்தேன். அந்தக் கதைதான் இது. நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்களுது உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமம். உத்திரமேரூர்னு சொன்னதும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க 'குடவோலை!'ன்னு கத்துவாங்க. ஆமா, அதே ஊர்தான். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, சுமார் 920-ல வெட்டின கல்வெட்டு இருக்கு. ஊர்ச்சபைக்கு யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு ஒரு பெரிய தகுதி லிஸ்ட். அதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி 20 அடிக்கு 12 அடியில சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டாய் ஒண்ணு இருக்கு. அதுதான் அப்பாவோட பட்டறை. நிலை, கதவு, ஜன்னல், கட்டில், சாமி மாடம், இப்போ கொஞ்ச வருஷமா ப்ளைவுட்ல கிச்சன் கப்போர்டு. அப்பாவும், கூட வேலை செய்யற அண்ணன் ஒருத்தரும், மொத்தம் ரெண்டு பேர்.

தாத்தா இருந்தப்போ அங்க கரண்ட் மிஷினே கிடையாது. இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, கை ரம்பம், அவ்வளவுதான். இழைப்புளி ஓட்டினா மரம் சுருள் சுருளா வரும். நான் அதைக் காதுல மாட்டிக்கிட்டு ஓடுவேன். ஆயா அதையே கூடையில அள்ளிட்டுப் போய் அடுப்பு பத்த வைப்பாங்க. அப்பா கைக்கு வந்தப்போ டேபிள் ரம்பம் வந்துச்சு, அப்புறம் ரூட்டர், 2019-ல சாண்டர். மூணு நாள் ஆகற கதவு ஒண்ணரை நாள்ல முடிஞ்சுது. என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்த வேகத்துலதான் வந்துச்சு, அதை நான் மறக்கல.

ஆனா கீழ விழறது மாறிடுச்சு. சுருளா விழுந்தது தூளா விழுந்துச்சு, தூளா விழுந்தது மாவா ஆயிடுச்சு. சாண்டர்ல வர்றது மைதா மாதிரி இருக்கும். இதை ஒரு மாற்றம்னு வீட்ல யாரும் கவனிக்கவே இல்ல. மரவேலைன்னா தூசி இருக்கத்தானே செய்யும்?

அப்பாவுக்கு 49 வயசு. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ரெண்டு வருஷமா ராத்திரி இருமல். முதல்ல பனிக்காலம்னு சொன்னோம், அப்புறம் மாத்திக்கிட்டே இருந்தோம். அம்மாதான் ஒருநாள் சாதாரணமா சொன்னாங்க, 'உங்கப்பா ஞாயித்துக்கெழம ராத்திரி மட்டும் நல்லா தூங்குறாரு.' நான் எட்டு செமஸ்டரா டேட்டா அனாலிசிஸ் படிக்கிறேன். அம்மா ஒரு நோட்டு கூட எழுதாம கண்டுபிடிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய்ல ஊதச் சொல்லி டெஸ்ட் பண்ணாங்க. மூச்சுக்குழாய் சுருங்குது, இப்போதைக்கு இன்ஹேலர் போதும், ஆனா தூசியில இருந்து தள்ளி இருக்கணும்னு டாக்டர் சொன்னார். அப்பா மெதுவா கேட்டார், 'தள்ளின்னா எப்படி சார்? என் வேலையே அதுலதான கெடக்கு?' டாக்டருக்கு அதுக்கு மேல சொல்ல நேரம் இல்ல. வெளிய அவ்வளவு கூட்டம்.

நான் முதல்ல பண்ணினது நீங்க நினைக்கிறதுதான். ஒரு பாக்ஸ் என்-95 மாஸ்க் வாங்கிக் குடுத்தேன். அப்பா காலையில போட்டுக்கிட்டார். மே மாசம், ஷீட் கொட்டாய், 11 மணிக்கு மாஸ்க் வேர்வையில நனைஞ்சு மூஞ்சில ஒட்டிக்கிச்சு, கண்ணாடியில ஆவி படிஞ்சு அளவுக் கோடு தெரியல. மதியம் பாத்தா மாஸ்க் ஆணியில தொங்குது, மூஞ்சில பழைய துண்டு. 'மூஞ்சில மாட்டறது வேணாம்டா. மிஷின்ல மாட்டறது எதனா இருந்தா பாரு'ன்னார். நான் படிச்ச நாலு வருஷத்துல அப்பா என்கிட்ட இன்ஜினியரிங் சம்பந்தமா கேட்ட முதல் விஷயம் அது.

சரின்னு உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயிறு கலங்குச்சு.

இங்கிலாந்துல ஹை விக்கம்னு ஒரு ஊர், நாற்காலி செய்யறதுக்குப் பேர்போனது. அந்தப் பக்கத்துல எஸ்மி ஹாட்ஃபீல்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் இருந்தாங்க. மூக்குக்குள்ள வர்ற ரொம்ப அபூர்வமான ஒரு கேன்சர், மரச்சாமான் செய்யறவங்களுக்கு மட்டும் அதிகமா வர்றதை அவங்க கவனிச்சாங்க. 1968-ல அவங்களும் இன்னும் மூணு டாக்டர்களும் சேர்ந்து அதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. 1995-ல, உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூசியை முதல் பிரிவுல சேர்த்துச்சு. புகையிலைப் புகை இருக்கற அதே பிரிவு. ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன்: அந்தப் பிரிவு, 'இது கேன்சர் உண்டாக்கும்னு எவ்வளவு உறுதியா தெரியும்'னு சொல்றது. எவ்வளவு பேருக்கு வரும்னு சொல்றது இல்ல. மூக்குக் கேன்சர் இன்னிக்கும் அபூர்வம்தான். அப்பாவுக்கு வந்த மாதிரி மூச்சிழைப்பும் இருமலும்தான் மரத்தூசியால சாதாரணமா வர்றது.

அப்புறம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்கை எடுத்தேன். ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கா? துகள் எவ்வளவு வேகத்துல கீழ இறங்கும்னு சொல்ற ஃபார்முலா. விட்டத்தோட வர்க்கம் அதுல வரும். அசையாத காத்து, தண்ணியோட அடர்த்தின்னு வெச்சு, மூக்கு உயரமான ஒண்ணரை மீட்டர்ல இருந்து கணக்குப் போட்டேன். 100 மைக்ரான் துகள் சில செகண்ட்ல தரையில இருக்கும். 10 மைக்ரான் துகளுக்கு 8 நிமிஷம். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம்.

பரீட்சையில எழுதினப்போ அது வெறும் 8 மார்க். இப்போ அதுக்கு வேற அர்த்தம். அப்பா சாயங்காலம் 6 மணிக்கு மிஷினை நிறுத்திட்டு, துண்டை அவுத்துட்டு, அங்கயே உக்காந்து டீ குடிப்பார். 'தூசி எல்லாம் அடங்கிடுச்சு'ம்பார். கண்ணுக்குத் தெரியறதுதான் அடங்கியிருக்கு. நுரையீரல் அடி வரைக்கும் போகறது இன்னும் அந்தரத்துலயே மிதக்குது. போதாததுக்கு டீ குடிச்சதும் தென்னந்துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவாங்க. கீழ இறங்கினதும் மறுபடி மேல.

இன்னொரு கணக்கு. பிரிட்டன்ல கடின மரத்தூசிக்கு 8 மணி நேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 3 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. எங்க கொட்டாய் 10 அடி உயரம். உள்ள இருக்கற மொத்தக் காத்து 68 கன மீட்டர். 3-ஆல பெருக்குங்க: 204 மில்லிகிராம். அதாவது கால் கிராம் கூட இல்ல. அம்மா ரசத்துல போடற ஒரு சிட்டிகை உப்பை விடக் கம்மியான தூசி, அந்தக் கொட்டாய் முழுக்கப் பரவி நின்னா, வரம்பு முடிஞ்சுது. நாங்க தினமும் மூட்டையில அள்ளுறோம்.

நம்ம நாட்டுல சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துல 14-ஆம் பிரிவே தூசி பத்தினதுதான். தூசி கிளம்பற இடத்துக்குப் பக்கத்துலயே அதை உறிஞ்சி எடுக்கணும்னு அழகா எழுதியிருந்தாங்க. ஆனா அந்தச் சட்டத்துல தொழிற்சாலைன்னா, கரண்ட் மிஷின் இருக்கற இடத்துல குறைஞ்சது 10 தொழிலாளிங்க வேண்டியிருந்துச்சு. எங்க பட்டறையில ரெண்டு பேர். வீட்டுப் பின்னாடி வேலை செய்யறவங்களை யாரும் வந்து செக் பண்ண மாட்டாங்க. நாமதான் பண்ணணும்.

அந்தச் சட்டத்துல இருந்த 'கிளம்பற இடத்துக்குப் பக்கத்துலயே'ங்கற வார்த்தையை நான் அப்போ சரியா படிச்சிருந்தா 6,500 ரூபா மிச்சம் ஆயிருக்கும்.

ஸ்டைபண்ட் வந்த சூட்டுல ஆன்லைன்ல ஒரு பெரிய வேக்குவம் க்ளீனர் ஆர்டர் பண்ணினேன். 1,400 வாட், ரிவ்யூ எல்லாம் நாலரை ஸ்டார். பெருமையா கொண்டுபோய் டேபிள் ரம்பத்துல மாட்டினேன். ஒரு பலகை அறுத்தோம். குழாய்ல மரச்சீவல் அடைச்சுக்கிச்சு. எடுத்துட்டு மறுபடி ஓட்டினோம். 10 நிமிஷத்துல உள்ள இருந்த பேப்பர் பை மாவு படிஞ்சு மூச்சு திணறுச்சு. உறிஞ்சற சத்தம் மட்டும் பெருசா வருது, உறிஞ்சல. அப்பா எதுவும் சொல்லல, துடைப்பத்தை எடுத்தார். அது சொன்னதை விட மோசம். அடுத்த வாரம் அம்மா அந்த வேக்குவத்துல ஃபேன் றெக்கை துடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

மிஷின் மேல தப்பு இல்ல. நான் வேற வேலைக்கு வேற ஆளைக் கூப்பிட்டிருந்தேன். நீங்களும் இதைச் செய்யாம இருக்க, இந்த வித்தியாசம் மட்டும் புரிஞ்சுக்கோங்க. காத்தை உறிஞ்சறதுல ரெண்டு வகை மிஷின் இருக்கு. ஒண்ணு இளநீர் ஸ்ட்ரா மாதிரி: உறிஞ்சற அழுத்தம் அதிகம், ஆனா போற காத்து கொஞ்சம். அதுதான் வேக்குவம். சின்னக் குழாய், சின்ன மிஷினுக்குச் சரி. இன்னொண்ணு எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி: அழுத்தம் கம்மி, ஆனா காத்து ஏராளம். அதுதான் பட்டறையில வைக்கிற ப்ளோயர் வகை. டேபிள் ரம்பம் மாதிரி நாலா பக்கமும் தூள் வாரி இறைக்கிறதுக்கு அந்தக் காத்து வேணும்.

எவ்வளவு காத்து? மரத்தூள் குழாய்க்குள்ள படியாம ஓட ஏறக்குறைய விநாடிக்கு 20 மீட்டர் வேகம் வேணும். குழாய் விட்டம் 10 சென்டிமீட்டர்னா, பரப்பளவால பெருக்கிப் பாருங்க, மணிக்கு சுமார் 565 கன மீட்டர். கடைக்காரங்க பாஷையில 330 சி.எஃப்.எம். இதுக்கு மேல ஒரு உண்மை: மெழுகுவத்தியைத் தள்ளி நின்னு ஊதி அணைக்கலாம், ஆனா உறிஞ்சி அணைக்க முடியாது. குழாய் வாயில இருந்து அதோட விட்டம் அளவு தள்ளினாலே உறிஞ்சற வேகம் பத்துல ஒரு பங்குக்கு வந்துடும். அதனால எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும், குழாய் வாய் தூசி பிறக்கற இடத்துல இல்லன்னா காசு வேஸ்ட். சட்டம் சொன்னதும் இதைத்தான்.

இப்போ கல்வெட்டு. எங்க ஊர்ல சபைக்கு நிக்கறவங்களுக்கு வயசு 35-க்கு மேல 70-க்குள்ள இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும்னு தகுதி போட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்சது, ஏற்கனவே பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவங்க நிக்கவே முடியாதுங்கறது. ஆளுக்கே லிஸ்ட் போட்ட ஊர், மிஷினுக்குப் போட மாட்டோமா? எக்ஸெல்ல ஒரு ஷீட் திறந்தேன். கணக்குக் காட்டாத மிஷின் முதல்ல அவுட்.

அப்படி அவுட் ஆனதுதான் பாதி. '2 எச்.பி., சூப்பர் பவர்'னு போட்டிருக்கும், பை எத்தனை மைக்ரான்னு இருக்காது. சிலதுல சி.எஃப்.எம். இருக்கும், ஆனா அது குழாய், பை எதுவும் மாட்டாம வெறும் ஃபேன்ல அளந்தது. ஆறு மீட்டர் வளைவு வளைவான ஹோஸ் மாட்டினதும் அதுல நிறைய காணாமப் போயிடும். பை 30 மைக்ரான்னு போட்டிருந்தா இன்னும் யோசிக்கணும். பெரிய தூளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கறதை நல்லா கலக்கி மறுபடி பட்டறைக்குள்ளயே ஊதும். தரை பளிச்னு இருக்கும், மூச்சுல போறது குறையாது. நல்ல ஃபில்டரோட வர்றது எல்லாம் என் மொத்த ஸ்டைபண்டைத் தாண்டிப் போச்சு.

அப்புறம் எங்க ஊர் கரண்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வோல்டேஜ் இறங்கும். சிங்கிள் ஃபேஸ் லைன்ல ரம்பமும் 2 எச்.பி. மோட்டாரும் ஒண்ணா ஸ்டார்ட் ஆனா வீட்ல லைட் கண் சிமிட்டும். அதனால 1 எச்.பி., அதாவது 746 வாட், அதுதான் எங்க எல்லைன்னு முடிவு பண்ணினேன். 1 எச்.பி., நல்ல ஃபில்டர், பட்ஜெட்டுக்குள்ள: மூணும் சேர்ந்து எங்கயும் கிடைக்கல. அஞ்சாவது மாசம், ஷீட்ல 14 மிஷின், ஒண்ணு கூட தேறல.

ஒரு சனிக்கிழமை ராத்திரி லேப்டாப்பை அப்பாகிட்ட காட்டிப் புலம்பினேன். ஃபில்டர்தான் விலை, ஃபில்டர் இல்லாம காத்தை உள்ள விட முடியாதுன்னு. அப்பா கொஞ்ச நேரம் படத்தையே பாத்தார்.

'அந்தக் காத்தை ஏன்டா மறுபடி உள்ள வுடணும்?'

'இல்லப்பா, எல்லாரும் அப்படித்தான்...'

'எல்லாரும்னா யாரு?'

நான் பாத்த வீடியோ எல்லாம் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து. அங்க குளிர்காலத்துல காசு குடுத்து சூடாக்கின காத்தை வெளிய தள்ளினா நஷ்டம். அதனால வடிகட்டி உள்ளயே சுத்த விடுறாங்க. எங்க கொட்டாய்ல யார் ஹீட்டர் போட்டது? காத்து வெளிய போனா இன்னும் நல்லதுதான், சூடும் சேர்ந்து போகும். அஞ்சு மாசமா நான் வேற ஊர் குளிருக்கு மிஷின் தேடிட்டு இருந்திருக்கேன். இங்கிலீஷ் மீடியம் படிச்சதோட லாபம், உலகத்துல இருக்கற எல்லாத்தையும் படிக்க முடியும். நஷ்டம், அது யாருக்கு எழுதினதுன்னு கேக்க மறந்துடுவேன்.

அங்க இருந்து வேலை வேகமா போச்சு. அப்பா கேட்ட கேள்வி எதுவும் என் எக்ஸெல்ல இல்லாதது. சுவிட்ச் எங்க? ரெண்டு கையிலயும் பலகை பிடிச்சிருக்கறப்போ எப்படி ஆன் பண்றது? டிரம் நிறைஞ்சா யார் தூக்கறது? ஒரு நாள்ல எந்த மிஷின் எவ்வளவு நேரம் ஓடுது? கடைசிக் கேள்விக்கு ஒரு வாரம் நோட்டுல எழுதினோம். ரம்பம் அங்கங்க அஞ்சு நிமிஷம்தான் ஓடுது. சாண்டர்தான் மணிக்கணக்கா ஓடுது. அதாவது எந்த மிஷின் மாவு தூசி விடுதோ, அது முன்னாடிதான் அப்பா அதிக நேரம் குனிஞ்சு நிக்கிறார்.

அதனால ரெண்டு ஏற்பாடு. சாண்டருக்கு அந்த ஒதுக்கி வெச்ச வேக்குவமே போதும். சாண்டர்ல ஏற்கனவே அடியில ஓட்டை இருக்கு, தூசி பிறக்கற இடத்துலயே உறிஞ்சலாம். பை அடைச்சுக்கற பிரச்சினைக்கு, நடுவுல ஒரு சைக்ளோன் மாட்டினோம். காத்தைச் சுழல விட்டா கனமான தூள் ஓரமா ஒதுங்கி கீழ பக்கெட்ல விழுந்துடும், மிச்சக் காத்து மட்டும் ஃபில்டருக்குப் போகும். மர அறுவை மில்லுல இருந்த பெரிய சைக்ளோனைப் பாத்துதான் ஜேம்ஸ் டைசனுக்குப் பை இல்லாத வேக்குவம் யோசனை வந்துச்சு, அதுக்கு அவர் செஞ்ச மாதிரிகள் 5,127. எங்களுக்கு ரெண்டே போதுமா இருந்துச்சு. முதல் தடவை 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் போட்டோம். குழாய் வாயைக் கையால மூடினதும், படார்னு பக்கெட் உள்பக்கமா நசுங்கிடுச்சு. இளநீர் ஸ்ட்ரா அழுத்தம்னு சொன்னேனே, அதான். அப்பா உள்ள ரெண்டு மரவளையம் அடிச்சு நிறுத்தினார். அதுக்கப்புறம் நசுங்கல.

டேபிள் ரம்பத்துக்கு, சென்னை பாரிமுனை பக்கம் பழைய மோட்டார் கடையில ஒரு 1 எச்.பி. ப்ளோயர் பிடிச்சோம், 9,500 ரூபா. அதைக் கொட்டாய்க்கு வெளிய, சுவருக்கு அந்தப் பக்கம் வெச்சோம். சத்தமும் வெளிய போச்சு. ரம்பத்துக்கு அடியில ப்ளைவுட் பெட்டி அடிச்சு மூடி, 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை எவ்வளவு குட்டையா, எவ்வளவு நேரா விட முடியுமோ அப்படி விட்டோம். ப்ளோயருக்கு முன்னாடி ஒரு பெரிய டிரம், தூள் அதுல விழுந்துடும். கடைசியில வெளிய போற காத்து வயல் பக்கம். முதல்ல தெருப் பக்கம்தான் வெச்சோம், எதிர்வீட்டுப் பெரியம்மா கொடியில காயற புடவையைக் காட்டிக் கேட்ட கேள்வியில மறுநாளே திருப்பிட்டோம். குழாய், டிரம் எல்லாம் 4,200, சைக்ளோன் 1,800. என் முட்டாள்தனத்துக்குக் குடுத்த 6,500-ஐயும் சேர்த்தா மொத்தம் 22,000.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பட்டறை இருந்தா, நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்ட சிலது சொல்றேன். காத்து வெளிய போனா அதே அளவு உள்ள வரணும், எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைங்க. பிளாஸ்டிக் குழாய்ல தூள் ஓடினா ஸ்டாட்டிக் ஏறும், எனக்கு ரெண்டு தடவை சுளீர்னு அடிச்சுது, செம்புக் கம்பி சுத்தி எர்த் குடுங்க. உளி தீட்டற கிரைண்டருக்கு இந்தக் குழாயை மாட்டவே மாட்டாதீங்க, ஒரு தீப்பொறி டிரம்முக்குள்ள போனா போதும். காஞ்ச துடைப்பத்தை விட்டுடுங்க, வேக்குவத்தாலயே தரையை எடுங்க. ப்ளைவுட் தூளை அடுப்புல போடாதீங்க, அதுல பசை இருக்கு. வெறும் மரத்தூளை மட்டும் மாட்டுக்கொட்டாய்க்குக் குடுக்கிறோம். பக்கத்து வீட்டுச் சுவர் உரசிக்கிட்டு இருக்கற டவுன் வீடுன்னா, வெளிய ஊதற வேலை வேண்டாம், காசு சேர்த்து நல்ல ஃபில்டர் வாங்குங்க. கையால உப்புத்தாள் தேய்க்கறப்போ எந்தக் குழாயும் உதவாது, அதுக்கு மாஸ்க்தான். அப்பா இப்போ அதுக்கு மட்டும் போட்டுக்கிறார், அரை மணி நேரம்னா தாங்குதாம்.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? அளக்கற கருவி வாங்க என்கிட்ட காசு இல்ல. அதனால ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சை மட்டும் அடிச்சு, முன்னாடி மாதிரி மிஷின் இல்லாம 5 நிமிஷம் சாண்டர் ஓட்டினோம். டார்ச் வெளிச்சம் சுவர் மாதிரி நின்னுச்சு, கையை வெச்சா மறையுது. அப்பா அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. 30 வருஷமா உள்ள போனதை அன்னிக்குத்தான் முதல் தடவை பாக்கறார். மறுநாள் ராத்திரி வேக்குவத்தோட ஓட்டினோம். வெளிச்சத்துல அங்கங்க சில பொட்டு மட்டும். சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பாவுக்கு வித்தியாசம் சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா குடுக்கப் பாத்தேன். முதல் ரிவ்யூவுல கேட்டாங்க, 'இதுல நாவல்டி என்ன?' யோசிச்சுப் பாத்தா எதுவும் இல்ல. ஸ்டோக்ஸ் பழசு, சைக்ளோன் பழசு, ப்ளோயர் செகண்ட் ஹேண்ட். 'ஒண்ணும் இல்ல சார், தினமும் ஓடுது'ன்னு சொன்னேன். வேற டாபிக் எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்துட்டேன், அதுவும் நல்லாத்தான் போகுது.

அப்பா இருமல் முழுசா நிக்கல. இன்ஹேலர் இருக்கு. ஏற்கனவே நடந்ததை எந்த மிஷினும் திருப்பிக் குடுக்காது, அது எனக்குத் தெரியும். அம்மாகிட்ட கேட்டேன், 'இப்போ ராத்திரி எப்படி?' அம்மா விரல் விட்டு எண்ணினாங்க. 'ஞாயிறு, செவ்வா, வியாழன் நல்லா தூங்குனாரு.'

உங்க வீட்ல மரத்தூசி இல்லாம இருக்கலாம். நெல்லு மில்லு உமியா இருக்கலாம், செங்கல் சூளையா இருக்கலாம், தறியா இருக்கலாம், கல் கட்டிங்கா இருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அவங்க எந்த நாள் நல்லா தூங்கறாங்கன்னு வீட்ல ஒரு வார்த்தை கேளுங்க.

போன சனிக்கிழமை பஸ் இறங்கி நடந்து வந்தேன். தெருமுனையிலயே பட்டறை சத்தம் கேக்கும். முதல்ல வேக்குவம் ஆன் ஆச்சு, அப்புறம்தான் சாண்டர். சாண்டர் நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு நிமிஷம் வேக்குவம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் சொன்னது அது. நான் ஊர்ல இல்லாத நாள்லயும் அப்படித்தான் ஓடுதாம்.